பட்ட தென்னை யாருக்கு?

கிரான்குளத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரின் வளவு. கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே நீளக் கிடக்கும் எழுவான்கரை மணலில் மற்ற வளவுகளைப் போல அதிலும் முக்கால்வாசி தென்னைதான். கிணற்றடிக்குப் பின்னால் வட்டு இல்லாத பட்ட மரம் ஒன்று நிற்கிறது. நிலத்திலிருந்து மூன்றாள் உயரத்தில் அதன் தண்டில் ஒரு வட்டத் துளை. துளைக்கு நேர் கீழே, மணலில், வெளிறிய மரத்தூள் சிந்திக் கிடந்தது.

வெயில் ஏறுமுன் போய் நின்றேன். முதலில் கேட்டது குரல்தான். குதிரை கனைப்பதைச் சின்னதாக்கி வேகமாக ஓட்டிவிட்டதுபோல ஒரு நீண்ட கிலுகிலுப்பு. பிறகு அலையலையாக ஏறி இறங்கிப் பறந்து வந்து தண்டில் அப்பிக்கொண்டது. இரத்தச் சிவப்பு முதுகு, வெள்ளை முகத்தில் கறுப்புப் பட்டை, உச்சி முழுக்கச் சிவந்த கொண்டை: ஆண். என்னைக் கண்டதும் மரத்தின் மறுபுறம் போய் ஒளித்து, தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது. ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே துளைக்கு வந்தது. வாலின் விறைத்த இறகுகளைத் தண்டில் ஊன்றிக்கொண்டு தலையை உள்ளே விட்டுக் கொத்தியது. ஒவ்வொரு முறையும் அலகு நிறையத் தூளை அள்ளி, வெளியே எடுத்து, தலையை உதறிக் கொட்டியது. அரை மணி நேரத்தில் பெண் வந்தது. அதற்கு முன்நெற்றி கறுப்பு, அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். ஆண் விலக, பெண் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தது.

வளவுக்காரர் தேத்தண்ணியோடு வந்தார். வயதில் மூத்தவர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். "இதாலதான் மனே மரமெல்லாம் போகுது. கிழமைக்குள்ள ஆளப் புடிச்சு இத வெட்டிரப் போறன்" என்றார். நான் பல வருடங்களாகச் சொல்லிவருவதையே சொன்னேன்: வெட்ட வேண்டாம், மரங்கொத்தி மரத்துக்கு வைத்தியர், பூச்சிகளைத் தின்று மரத்தைக் காப்பாற்றுகிறது. அவர் வேலியோரத்துக்குக் கையைக் காட்டினார். அங்கே இன்னொரு மரம், ஆறேழு வயது இளந்தென்னை, வட்டுச் சாய்ந்து கிடந்தது. "வைத்தியர் இருக்கக்குள்ள அது ஏன் மனே செத்த?"

அதற்குப் பதில் என்னிடம் இருக்கவில்லை. அவருடைய குற்றச்சாட்டைச் சோதிக்க வேண்டுமென்றால் என்னுடைய வாதத்தையும் அதே தராசில் வைக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

எதிராளி யார் என்று முதலில் சரியாகச் சொல்லிக்கொள்வோம். வாவிக்கரை வளவுகளில் நாம் அன்றாடம் காணும் மரங்கொத்தி செம்முதுகு மரங்கொத்தி. முருங்கையிலும் பூவரசிலும் சிட்டுக்குருவியளவில் ஓடித்திரியும் குட்டி மரங்கொத்தியும் உண்டு. உள்நாட்டுக் காட்டுப் பக்கம் போனால் வேறு இனங்களும் வரும். ஆனால் தென்னை வழக்கில் கூண்டில் நிற்பது சிவந்த முதுகுக்காரர்தான். யாழ்ப்பாணத்தவரிடம் மரங்கொத்தி என்றால் அவர் மனதில் எழுவது பொன்மஞ்சள் முதுகு. இரண்டும் ஒரே பறவையின் இரண்டு நிறங்கள் என்றே நீண்டகாலம் எண்ணப்பட்டது. 2016இல் சமிந்த பெர்னாண்டோ, டரன் ஏர்வின், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன ஆகியோர் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, சிவப்பு முதுகுடையது தனி இனம் என்று காட்டினார்கள். இரண்டும் சந்திக்கும் இடைப்பட்ட பகுதியில் செம்மஞ்சள் முதுகோடு கலப்புப் பறவைகள் பிறக்கின்றன. ஆகவே நம் கிணற்றடிப் பறவை இலங்கைக்கு வெளியே உலகில் எங்குமில்லாத ஒன்று.

இதை ஒரு பெருமையாகச் சொல்லலாம். ஆனால் வழக்கில் இதற்குள்ள எடை குறைவு. இந்தப் பறவை கொழும்புத் தோட்டங்களிலிருந்து நம் பக்கம் வரை பரவலாக வாழ்கிறது. அழியும் நிலையில் இல்லை. ஒரு மரத்தை வெட்டினால் இனமே அருகிவிடும் என்று ஒரு தோட்டக்காரரிடம் சொன்னால் அது பொய். சட்டம் பறவையைக் காக்கிறது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அதைக் கொல்வது குற்றம். ஆனால் தன் வளவில் பட்டு நிற்கும் தென்னையை என்ன செய்வது என்பதை அந்தத் தடை மட்டும் தீர்த்துவிடாது. ஆகவே கேள்வி சட்டத்தில் முடிவதில்லை. பறவை தென்னைக்கு என்ன செய்கிறது என்பதில்தான் முடிய வேண்டும்.

முதல் குற்றச்சாட்டு: மரங்கொத்தி தென்னையைக் கொல்கிறது.

தென்னை எப்படிச் சாகும் என்று தெரியாமல் இதை எடைபோட முடியாது. மா, வேம்பு போன்ற மரங்களில் பட்டைக்கு அடியில் வளர்ச்சிப் படை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிவர உரித்தால் மரம் போய்விடும். சிறு காயமென்றால் அந்தப் படையே வளர்ந்து மூடும். தென்னைக்கு அந்தப் படை கிடையாது. நீரையும் உணவையும் கொண்டுபோகும் நார்க்கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன, விளிம்பில் நெருக்கமாக, நடுவில் ஐதாக. இதனால் இரண்டு விளைவுகள். ஒரு பக்கத்தில் துளை விழுந்தாலும் மற்றப் பக்கத்துக் கற்றைகள் வேலையைத் தொடரும், மரம் நிற்கும். ஆனால் அந்தத் துளை ஒருநாளும் ஆறாது. முன்னொரு காலத்தில் ஏறுவதற்காகப் படி வெட்டிய மரங்களைப் பார்த்தால் தெரியும், ஐம்பது வருடம் கழித்தும் வெட்டு வெட்டாகவே இருக்கும்.

தென்னையின் உயிர் இருப்பது ஒரே இடத்தில், வட்டுக்குள் பொதிந்த குருத்தில். அதற்கு மாற்றுக் கிளை இல்லை, பக்க அரும்பு இல்லை. குருத்துச் செத்தால் மரம் செத்தது. 1978 நவம்பர் 23ஆந் தேதி இரவு மட்டக்களப்பைப் பிய்த்தெறிந்த சூறாவளியை இந்தக் கரையில் மறந்தவர் இல்லை. மாவட்டத்துத் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்ததாகக் கணக்கு. வேரோடு சாய்ந்தவை ஒரு பக்கம். தண்டு நிமிர்ந்து நின்றும் வட்டு முறிந்ததால் செத்தவை இன்னொரு பக்கம். தண்டில் ஒரு கீறலும் இல்லாமல் அவை செத்தன.

மரங்கொத்தி வேலை செய்வது தண்டில். குருத்தைத் துளைப்பது கருவண்டு: இரவில் பறந்து வந்து விரியாத ஓலையைக் குடைந்து போகும், பிறகு அந்த ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியது போலத் தெரியும். தண்டை உள்ளிருந்து தின்பது செவ்வண்டின் புழு. பழுப்புச் சாறு வடியும் தண்டுக் கசிவு நோய் ஒரு பூஞ்சையால் வருவது. 1906இலேயே பெட்ச் என்ற பூஞ்சை ஆய்வாளர் இலங்கையில் அதைப் பதிவு செய்திருக்கிறார். இவற்றுக்கு மேல் இடி. ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கத்தில் வளவுக்கு ஒரு மரமாவது கருகாத ஊர் நம் பக்கம் குறைவு.

அன்று மாமாவோடு இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது மாமி குசினியிலிருந்து சொன்னார்: கிணற்றடி மரம் இடியில் போனது, அடுத்த வருஷந்தான் கொத்தி வந்தது. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. மரம் செத்ததும் உண்மை, பறவை கொத்தியதும் உண்மை, இரண்டும் ஒரே மரத்தில். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே பழம் விழுந்த பிறகே காகம் வந்தது.

அப்படியே வேலியோரத்து இளந்தென்னையையும் பார்த்தோம். தண்டில் எங்கும் கொத்தின அடையாளம் இல்லை. அடித்தண்டில் சில சிறு ஓட்டைகள், அவற்றிலிருந்து மென்று துப்பியது போல நார்ச்சக்கை தள்ளிக்கொண்டிருந்தது. மாமா கோடரியால் பிளந்தார். புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே தண்டு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, ஈரக் கூழ். அதற்குள் கால் இல்லாத, நடுவில் பருத்த, மங்கல் வெள்ளைப் புழுக்கள். தென்னை நாரையே சுற்றிச் செய்த விரலளவு கூடுகள். ஒரு கூட்டைப் பிரித்தபோது துருநிறத்தில் நீண்ட மூக்கோடு வண்டு அசைந்தது. செவ்வண்டு. மரம் வட்டுச் சாயும்வரை வெளியே எதுவுமே தெரியாது. காதைத் தண்டில் வைத்து உள்ளே நறநறவென்று கேட்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அதனால்தான் வந்தது.

ஆக, கொலைக் குற்றம் நிற்கவில்லை. ஆனால் வழக்கை இங்கேயே மூடினால் அது பறவைப் பிரியரின் அவசரம். எதிர்த்தரப்பில் இன்னும் வலுவான இரண்டு வாதங்கள் இருக்கின்றன.

ஒன்று: காயம். செவ்வண்டுப் பெண் முட்டையிடத் தேடுவது காயம்பட்ட தென்னையைத்தான். கருவண்டு குடைந்த இடம், கத்தி பட்ட இடம், ஓலை கிழித்த இடம் எல்லாம் அதற்கு வாசல். அப்படியானால் மரங்கொத்தியின் துளையும் வாசல்தானே? கொள்கையளவில் ஆம். உயிருள்ள, இளம் தண்டில் மரங்கொத்தி ஆழமாகத் துளைத்தால் அது ஆபத்து. இதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் வயதைப் பாருங்கள். செவ்வண்டு தாக்குவது பெரும்பாலும் இளந்தென்னையை, தண்டு இன்னும் மென்மையாக இருக்கும் வயதில். மரங்கொத்தி கூடு குடைவதோ உயர்ந்த, முதிர்ந்த, செத்த அல்லது உள்ளுக்குள் உக்கிய தண்டில். இருவரும் ஒரே மரத்தில் சந்திக்கும் வாய்ப்பு சிறிது. இல்லையென்று சொல்லவில்லை, சிறிது.

மரங்கொத்தி ஏன் உக்கிய மரத்தைத் தேடுகிறது? அலகு உளியாக இருந்தாலும் உழைப்புக்கு விலை உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மரங்களின் உட்கடினத்தை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், மரங்கொத்திகள் பொந்து குடைந்த மரங்களின் உள்ளம் சுற்றியுள்ள மற்ற மரங்களைவிடத் தெளிவாக மென்மையானது என்று கண்டார்கள். வெளியே பார்த்தால் நல்ல மரம்போலத் தெரிவதும் உள்ளே பூஞ்சையால் இளகியிருந்தது. நம் ஊர்த் தென்னையில் இதைப் புரிந்துகொள்வது இன்னும் எளிது: வெளிவளையம் வைரம், நடு சோறு. வெளியில் ஒரு இடத்தில் இளகினால் போதும், உள்ளே வீடு தயார். ஆகவே உயிரோடு நிற்கும் தென்னையில் மரங்கொத்தி விடாமல் ஒரே இடத்தில் கொத்துகிறது என்றால், அந்த இடத்தில் கசிவு இருக்கிறதா, தட்டினால் பொத்தென்று கேட்கிறதா என்று பார்ப்பது புத்தி. அது கவண் எடுக்கும் நேரம் அல்ல.

இரண்டாவது வாதம் பூஞ்சை பற்றியது. 2016இல் மிஷெல் ஜுசினோவும் கூட்டாளிகளும் அமெரிக்கத் தென்கிழக்கில் ஒரு சோதனை செய்தார்கள். அங்கே உயிருள்ள பைன் மரத்தில் பொந்து குடையும் ஒரு மரங்கொத்தி இனம் உண்டு. ஆய்வாளர்கள் கிருமி நீக்கிய துளைகளை மரங்களில் தாங்களே போட்டு, சிலவற்றைப் பறவைகளுக்குத் திறந்துவிட்டு, சிலவற்றை வலையால் மூடிவைத்தார்கள். காலம் கழிந்து பார்த்தபோது, பறவை போய்வந்த துளைகளில் இயற்கையான பொந்துகளில் இருப்பது போன்ற பூஞ்சைக் கூட்டம் குடியேறியிருந்தது. மூடிய துளைகளில் அப்படி இல்லை. அதாவது பறவை உக்கலைத் தேடிப் போவதோடு நிற்காமல், உக்க வைக்கும் பூஞ்சையைத் தானே காவிக்கொண்டும் போகலாம். இது கனமான சாட்சி, பறவைக்கு எதிரானது. நம் மரங்கொத்தியும் தென்னையும் வேறு. பைன் மரத்தில் கண்டதை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனாலும் "மரங்கொத்தியால் மரத்துக்கு எந்தத் தீங்கும் வராது" என்று ஒரே மூச்சில் சொல்வதை இதைப் படித்த நாளிலிருந்து நிறுத்திவிட்டேன்.

தேங்காயைக் கொத்துகிறது என்ற புகாரை விரைவில் தீர்க்கலாம். விழுந்த குரும்பையை எடுத்துப் பாருங்கள். காம்புப் பக்கம், ஓரம் முழுக்கப் பல்லால் கீறிய வட்டத் துளை என்றால் அது எலி, இல்லையேல் அணில். அலகு அப்படி வரியிடாது.

இனி என்னுடைய தரப்பு. மரங்கொத்தி மரத்தின் வைத்தியர் என்ற வாதம்.

இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம், பிள்ளைகளுக்கும் சொன்னோம். ஆதாரம் என்ன? செம்முதுகு மரங்கொத்தியும் அதன் பொன்முதுகு உறவும் தின்பதில் பெரும்பங்கு எறும்புகள். அவற்றின் முட்டைகளும் கூட்டுப்புழுக்களும். வண்டுப் புழுக்களையும் தின்னும், ஆனால் அது எறும்புக்குப் பின்னால்தான். மண்டையோட்டின் பின்புறம் சுற்றிக் கிடக்கும் எலும்பு நாண்களில் நீளும் ஒட்டும் நாக்கு, இடுக்குகளிலிருந்து எறும்பை வழித்தெடுக்கத் தோதான கருவி. எறும்பைத் தின்பது தென்னைக்கு நன்மையா? மாவுப்பூச்சியை மேய்க்கும் எறும்பு என்றால் நன்மை. மற்றப் பூச்சிகளை வேட்டையாடும் முசுறு என்றால் இழப்பு. கூட்டிக் கழித்தால் எந்தப் பக்கமும் பெரிதாகச் சாயாது.

செவ்வண்டுப் புழுவோ தண்டின் நடுவே, வைரத்துக்கு உள்ளே இருக்கிறது. கருவண்டு குருத்துக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் ஆஷ் (ash) மரத்தைத் துளைக்கும் பச்சை வண்டைப் பற்றிய அனுபவம் இங்கே உதவும். அதன் புழு பட்டைக்கு அடியிலேயே வாழ்வது. மரங்கொத்திகள் அதை ஏராளமாகக் கொத்தித் தின்றன, பட்டையுரிந்த மரத்தைப் பார்த்தே நோயைக் கண்டுபிடிக்குமளவுக்கு. இருந்தும் கோடிக்கணக்கில் அந்த மரங்கள் செத்தன. எட்டக்கூடிய புழுவைத் தின்றும் மரத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்றால், எட்டாத புழுவைப் பற்றி நான் சொல்லிவந்தது எப்படி நிற்கும்? மாமாவின் கேள்விக்கு இதுதான் பதில். வைத்தியர் இருக்கும்போதே மரம் செத்தது, ஏனென்றால் அவர் அந்த நோய்க்கு வைத்தியர் அல்ல.

அழகான விளக்கம் ஒன்று நம்மிடம் நெடுநாள் இருந்துவிட்டால் அதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. மரங்கொத்தியின் தலையைப் பற்றியும் அப்படித்தான். அதன் மண்டையோடு பஞ்சு வைத்த தலைக்கவசம் போல அதிர்ச்சியை உறிஞ்சுகிறது என்று எத்தனையோ புத்தகங்கள் எழுதின. 2022இல் பெல்ஜியத்தின் அன்ட்வர்ப் பல்கலைக்கழகத்து சாம் வான் வாசென்பெர்க் குழுவினர் அதிவேகப் படப்பிடிப்பில் அளந்து பார்த்தார்கள். உறிஞ்சவேயில்லை. அலகும் மண்டையும் ஒரே இரும்புச் சுத்தியல் போலச் சேர்ந்து அடிக்கின்றன. யோசித்தால் அது நியாயமும் கூட: அதிர்ச்சியை உறிஞ்சும் சுத்தியலால் ஆணி அடிக்க முடியாது. பறவை பிழைப்பது மூளை மிகச் சிறியது என்பதால். அளந்த பிறகு பழைய கதையைக் கைவிட்டோம். வைத்தியர் கதையையும் அவ்வாறே கைவிட வேண்டும்.

அப்படியானால் பறவையின் கணக்கில் வரவே இல்லையா? இருக்கிறது. அது எழுதப்பட வேண்டிய இடம் பூச்சி அல்ல, வீடு.

மரங்கொத்தி முட்டையிட்டுப் பதினொரு நாளளவில் குஞ்சு பொரிக்கும். மேலும் மூன்று கிழமை சென்றால் குஞ்சு வெளியேறும். கிழமைக்கணக்கில் குடைந்த பொந்து அதற்குத் தேவைப்படுவது ஒரு மாதம், ஒன்றரை மாதம். அதன் பிறகு அந்த வீடு ஊருக்கு. மைனா, குண்டுக்கரிச்சான், பச்சைக்கிளி, சின்ன ஆந்தைகள், அணில் எல்லாம் பொந்தைப் பயன்படுத்துபவை, ஆனால் தென்னந்தண்டைக் குடையும் அலகோ பல்லோ இல்லாதவை. பழைய காட்டில் கிளை முறிந்த இடம் தானாக உக்கிப் பொந்தாகும். எழுவான்கரை மணலில் அப்படிப்பட்ட பருத்த மரம் எத்தனை? வாவியோரத்துக் கண்டலும் தில்லையும் மெலிந்தவை. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் குற்றியாகப் போனவை ஒரு பக்கம், 2004 டிசம்பர் 26ஆந் தேதி கடல் கொண்டுபோனவை இன்னொரு பக்கம். கிளையே இல்லாத தென்னையில் பொந்து தானாக விழாது. யாராவது குடைய வேண்டும். இந்தக் கரையில் குடைபவர் மரங்கொத்தி. தச்சன் குருவி என்று நம்மவர் வைத்த பெயரில் வைத்தியத்தைவிட உண்மை அதிகம்.

இந்த வரவிலும் கழிவு உண்டு. பொந்தில் வளரும் பச்சைக்கிளி வாவிக்கு அக்கரைப் படுவான்கரையில் வேளாண்மை கதிர் பிடிக்கும்போது கூட்டமாக இறங்கும். வயலுக்காரருக்கு அது விருந்தாளி அல்ல. பூச்சியும் சிற்றெலியும் பிடிக்கும் சின்ன ஆந்தை அந்தக் கணக்கை ஓரளவு ஈடுகட்டலாம். மைனாவும் கரிச்சானும் புழு பொறுக்குகின்றன. என் கணிப்பில் மொத்தத்தில் வரவு கூட. ஆனால் வயல் உள்ளவரிடம் கிளியைச் சொல்லாமல் இதைச் சொல்வது நேர்மையில்லை.

கடைசியாக மிகக் கடினமான இடம். மரங்கொத்திக்கு வேண்டியது பட்ட மரம். கருவண்டுக்கும் வேண்டியது அதே. கருவண்டு குருத்தில் தின்றாலும் முட்டையிடுவது உக்கும் பொருளில்: சாணக் குவியல், உமிக் குவியல், விழுந்த குற்றி, நின்றபடி உக்கும் தென்னையின் தலைப்பகுதி. புழு அதற்குள் மாதக்கணக்கில் கிடந்து வண்டாகிப் பக்கத்து நல்ல மரத்துக்குப் பறக்கும். ஆகவே பட்ட தென்னையை அகற்றச் சொல்லும் விவசாயப் பரிந்துரை வெறும் துப்புரவுப் பழக்கம் அல்ல, காரணமுள்ளது. பறவைக்காக எல்லாப் பட்ட மரத்தையும் விடச் சொல்பவர், பக்கத்து வளவுக்காரரின் தென்னையைப் பணயம் வைக்கிறார். வாடைக்காற்று தொடங்கினால் உக்கிய தண்டு கூரையில் விழும் என்ற பயமும் வெறும் பயமல்ல.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தபின் என் தீர்ப்பு இதுதான். தென்னையைக் கொன்ற குற்றத்திலிருந்து மரங்கொத்தியை விடுவிக்க வேண்டும். சாட்சிகள் வேறு ஆட்களைக் காட்டுகின்றன. மரத்தைக் காக்கிறது என்ற புகழையும் அதனிடமிருந்து திருப்பி வாங்க வேண்டும். அதற்கும் சாட்சி இல்லை. பட்ட மரத்தைப் பொறுத்தவரை ஒரே விதி எல்லா மரத்துக்கும் செல்லாது. செவ்வண்டில் போன மரத்தை அன்றே பிளந்து எரிக்க வேண்டும். அதில் பறவைக்காக ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. வீட்டுக்கும் ஒழுங்கைக்கும் சாய்ந்து நிற்பதைத் தறிக்க வேண்டும். மிச்சம் உள்ளவற்றில், ஆளில்லாத மூலையில் நிற்கும் பழைய மரமொன்றைத் தலை அறுத்து விடலாம். முதலில் ஈரம் பிடித்து மக்குவதும் கருவண்டு இறங்குவதும் தலைப்பக்கந்தான். அதை எடுத்துவிட்டால் காய்ந்த கீழ்த்தண்டு வண்டுக்கு உதவாது, தச்சனுக்கு உதவும். அறுப்பதையும் குஞ்சு வெளியேறிய பிறகு செய்யலாம். கேட்பது ஆறேழு கிழமை. சாணக்கிடங்கைக் கிளறிப் புழுப் பொறுக்காமல் பட்ட மரத்தை மட்டும் வெட்டுபவர் கருவண்டைத் தடுக்கவும் போவதில்லை.

இதை மாமாவிடம் சொன்னபோது முதல் பாதிக்குத் தலையாட்டினார், இரண்டாம் பாதிக்கு யோசித்தார். காத்திருக்கச் சம்மதித்தார். குசினிக் கூரைப் பக்கம் சாய்ந்த இன்னொரு பட்ட மரத்தை அந்தக் கிழமையே தறித்தார், நான் மறிக்கவில்லை. வேலியோரத்து இளந்தென்னையை அன்று பின்னேரமே எரித்தோம்.

குஞ்சுகள் போய்ச் சத்தம் அடங்கிய பிறகு கிணற்றடி மரத்தில் ஆளை ஏற்றினோம். துளைக்கு மேலே நாலு முழம் விட்டு அறுக்கச் சொன்னேன். விழுந்த துண்டைப் பிளந்தபோது உச்சியில் ஈரச் சக்கைக்குள் தடித்த வெள்ளைப் புழுக்கள் மூன்று, தலை பழுப்பாக, வளைந்து சுருண்டு கிடந்தன. கருவண்டு. மாமா அவற்றை மட்டைத் துண்டால் தள்ளி என் காலடியில் போட்டார். மரத்தில் நின்றவரை இன்னும் ஒரு முழம் இறக்கி அறுக்கச் சொன்னேன். அந்த வெட்டில் நாறலும் இல்லை, ஈரமும் இல்லை. கத்திப்பிடியால் தட்டியபோது தண்டு காய்ந்த பலகைபோல ஒலித்தது. அங்கே நிறுத்தினோம்.